சிவப்புப் புள்ளி

பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குத் துளியக்கா என்று பெயர். முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீர் குழாயில் வந்தால் ஒரு சொட்டைக்கூட வீணாக்க மாட்டாள். மூளைக்காய்ச்சலுக்குக் காரணமான வைரஸை அந்த நீரில் தேடுவதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை. சோதித்தது போக மிஞ்சுவதைக் கஞ்சப்பிசினாரிபோல ஃப்ரீசரில் சேர்த்து வைப்பாள்.

சிவப்புப் புள்ளி அவளுடைய யோசனை. ஒருமுறை, குழாயோடு வந்த படிவத்தில் எச்.ஐ.வி. என்று எழுதியிருந்ததை, அதைக் கொண்டுவந்த ஆள் படித்துவிட, சாயங்காலத்துக்குள் நோயாளியின் தெருவே படித்துவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? இனிமேல் நோயின் பெயரை எழுத வேண்டாம், ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்தால் போதும் என்று வார்டுக்குச் சொன்னாள். புள்ளியைப் பார்த்தால் வழக்கமான சோதனையோடு நிற்காமல், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் மூளையைத் தாக்கும் மற்ற வைரஸ்களையும் தேடுவாள். பதினோரு வருஷம் புள்ளி யாரையும் கைவிடவில்லை.

பிறகு படிவத்தை ஸ்கேன் செய்து அனுப்பும் முறை வந்தது. அலுவலகத்து மகா புத்திசாலிகள், அதைக் கருப்பு வெள்ளையில் அச்சடித்துக் கொடுத்தார்கள். ஒரு கணக்கு வாத்தியாரின் படிவம் வந்தது. காய்ச்சல், பிதற்றல், மனைவியையே அடையாளம் தெரியவில்லை. ஓரத்தில் கருப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அச்சு மெஷினின் அழுக்கு என்று நினைத்துக்கொண்டாள். வழக்கமான சோதனையைச் செய்து, வைரஸ் தென்படவில்லை என்று கையெழுத்துப் போட்டாள்.

ஆறாம் நாள் வாத்தியாரின் மனைவி கொழுந்தனோடு பரிசோதனைக் கூடத்தின் ஜன்னலுக்கு வந்தாள். அவன் போன் பேச நகர்ந்ததும் குனிந்து கேட்டாள்.

"அக்கா, புள்ளி வச்சு அனுப்பியிருக்கோம்னு சிஸ்டர் சொன்னாங்களே. அதுக்கும் சேத்துதானே பாத்தீங்க?"

துளியக்கா ஃப்ரீசருக்கு ஓடினாள். சேமித்திருந்த துளிகளை எடுத்து மறுபடி சோதித்தாள். சி.எம்.வி. என்ற வைரஸ் இருந்தது. அதற்கு மருந்தும் இருந்தது, அன்று மாலையே ஏற்றினார்கள். ஆனால் கைநழுவிப்போன ஆறு நாளை யார் ஏற்றுவது? ஒன்பதாம் நாள் வாத்தியார் போய்ச் சேர்ந்தார்.

விசாரணைக் குழு கூடி, இனி புள்ளியைப் பெரிதாக வைக்க வேண்டும் என்று முடிவெடுத்தது.

இரண்டு வாரம் கழித்து, இறப்புச் சான்றிதழுக்காக வந்த மனைவியைத் துளியக்கா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். புள்ளி யாருடைய யோசனை, அதை அழுக்கு என்று நினைத்தது யார், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். அந்தப் பெண் துளியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பசங்க அவர் வேலை பாத்த பள்ளிக்கூடத்துலதான் படிக்கறாங்க. கடைசிவரைக்கும் யாருக்கும் தெரியாமப் போச்சு. உங்க புண்ணியம்க்கா."

இதற்கு அவள் தன்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று துளியக்காவுக்கு இருந்தது.