ஹேக்பெரி கேட்டுப் போனேன்

எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லார் வாசலிலும் மாமரம். நான் மட்டும் அமெரிக்க ஹேக்பெரி மரம் நடப்போவதாக வரிசை முழுக்கப் பீற்றிவிட்டுத்தான் பீடோர் நாற்றுப்பண்ணைக்குப் போனேன்.

பண்ணைக்காரர் ஒல்லி; தொப்பி மட்டும் பெரிது. எந்தச் செடியையும் நகத்தால் சுரண்டி, விரலை முகர்ந்த பிறகே வாய் திறப்பார். என் கைப்பேசியில் இருந்த மரத்தைச் சுரண்ட முடியாத வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது.

"இது குளிர் ஊரு மரம் அண்ணே. இங்க வச்சா உங்கள மாதிரியே வேர்த்துப் போயிரும்லா."

"அதோட சொந்தக்கார மரம் எதுவும் இங்க இல்லையா?"

"நம்ம காட்டுல ஒண்ணு இருக்கு. வெட்டுனா கக்கூஸ் நாத்தம்."

"ஐயோ, ஊரெல்லாம் சொல்லிட்டேனே!"

"அப்ப மாங்கன்ன வாங்கிட்டுப் போயி அந்தப் பேர வைங்க. பூக்குற வரைக்கும் மானம் தாங்கும்."

வாங்கினேன். விடைபெறும்போது கை குலுக்கினார். பிறகு தன் விரல்களை முகர்ந்து பார்த்தார். எல்லா மரத்துக்கும் பதில் சொன்னவர், எனக்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார்.

ஹேக்பெரி இப்போது பூத்துவிட்டது. "அமெரிக்க மரத்துல மாம்பூ வாசம் வருதே!" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. நான் என் விரலை முகர்ந்துகொண்டு நிற்கிறேன். அன்று பண்ணைக்காரருக்கு என்ன வாசம் வந்ததென்று இன்னும் பிடிபடவில்லை.