தவம் அண்ணையின் இரும்புத் தொப்பிகள்

பாரிஸ் புறநகரான ஸ்தேனிலுள்ள அறைக்குப் போக, கார் து நோர் நிலையத்தில் ரயிலுக்கு நின்றபோது அந்த அழைப்பு வந்தது. தவம் அண்ணை வேலை செய்த உணவகத்தின் முதலாளி. "தம்பி, தவம் அடுப்படியிலை நிண்டபடியே விழுந்திட்டான். ஆஸ்பத்திரியிலை கைவிரிச்சிட்டினம்." எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அவரோடு ஒரே அறையில் இத்தனை வருடம் கிடந்தவன் நான்.

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் உங்களில் பலருக்கு அவர் வெறும் 'தொப்பிக்காரன்'. சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தவன்தான், பாவி.

2009இல் வன்னிப் பதுங்குகுழியிலிருந்து அவருடைய தங்கை தொலைபேசியில் பேசினாள். கணவனை ஷெல்லுக்குக் கொடுத்துவிட்டு, ஏழு வயது மகன் இனியனோடு இருந்தாள். தையல்காரி. "இனியன்ரை தலையை அளந்து சொல்லு" என்றார் அண்ணை. "ஐம்பத்தொண்டு சென்ரிமீற்றர், அண்ணா." அதற்குப் பிறகு அவளிடமிருந்து அழைப்பே வரவில்லை. அந்த ஞாயிறே அவர் பழைய பொருள் சந்தைக்குப் போய், உலகப்போரில் விமானங்கள் குண்டு போட்டபோது ஜெர்மன் ஊர்மக்கள் அணிந்த இரும்புத் தொப்பி ஒன்றை வாங்கி வந்தார். "ஆமிக்காரன்ரை இல்லையடா, சனத்தின்ரை. ஐம்பத்துமூண்டுதான் கிடைச்சது. உள்ளுக்குத் துணி வைச்சால் சரிவரும்." ஒரு பொதியும் போகாத இடத்துக்கு இதை எப்படி அனுப்புவது என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

இப்படித் தொப்பி சேர்ப்பவர்கள் முன்பக்கத்து நாஜிச் சின்னம் அழியாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். அண்ணை உள்ளே அடித்திருக்கும் அளவை மட்டும் பார்ப்பார். சின்னத்தை அங்கேயே நின்று, சட்டி தேய்க்கும் கம்பியால் சுரண்டி எடுத்துவிடுவார். அதைக் கண்ட, தொப்பி விற்ற கிழட்டு வியாபாரி, மதிப்பே போய்விட்டதே என்று தலையில் கைவைத்தார். "எங்கடை பிள்ளையின்ரை தலையிலை அந்தச் சனியன் கிடக்கக் கூடாது" என்று அண்ணை அவருக்குத் தமிழிலேயே சொன்னார்.

போர் முடிந்தது. எந்த முகாமின் பட்டியலிலும் தாயும் மகனும் இல்லை. அண்ணையோ இனியனின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சந்தைக்குப் போனார். ஐம்பத்துநான்கு, ஐம்பத்தைந்து என்று கேட்டு வாங்கினார். "பெடியன் வளருறான்." ஒருநாள் சாப்பிடும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "அவன் இல்லை அண்ணை! விளங்குதோ? செத்திட்டான்!" என்று கத்திவிட்டேன். அவர் சோற்றுக் கோப்பையிலிருந்து கையை எடுத்தார்.

"நீ கண்டனியோ?"

அவ்வளவுதான் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நாள் கிடந்தது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்தபின், அறையை ஒழிக்கவென்று தொப்பிகள் எல்லாவற்றையும் அந்த வியாபாரியிடமே கொண்டுபோனேன். அண்ணை இறந்ததைச் சொன்னேன். கிழவர் குனிந்தார். மேசைக்கடியிலிருந்து தொப்பி ஒன்றை எடுத்தார். ஐம்பத்தேழு. அண்ணை சொல்லிவைத்ததாம். முன்பக்கத்தை அவரே சுரண்டி வைத்திருந்தார். "அவருடைய மருமகனுக்கு. இப்போது பெரிய ஆளாகியிருப்பானே?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஓம், வளர்ந்திட்டான்" என்று தமிழில் வந்தது. கொண்டுபோனது அத்தனையையும், புதியதையும் திரும்பச் சுமந்துகொண்டு வந்தேன்.

அண்ணை, உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். இனியனுக்காகக் காத்திருக்க இந்த உலகத்தில் இனி நான் ஒருவன்தான். எனக்கு நம்பிக்கையும் இல்லை. இருந்தும் காத்திருக்கிறேன்.