கடைசி ஆள் வெட்ட வேண்டிய தர்பூசணி

எங்கள் ஊர் வெயிலைச் சென்னைக்காரர்கள் குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். திட்டுவதென்றால் நாங்கள் திட்டிக்கொள்வோம், அவர்கள் யார்? சித்திரை பிறந்துவிட்டால் ஆம்பூரில் காலை எட்டு மணிக்கே தார்ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கும். ஊரே மின்விசிறிக்குக் கீழே கிடக்கும் அந்த மாதங்களாகப் பார்த்து ஓட்டக் குழு நடத்துகிறாயே, உனக்கு மூளை இருக்கிறதா என்று என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் கேட்கிறார். மூளை இருக்கிறதோ இல்லையோ, மைதானம் இருக்கிறது. பள்ளிக்கூட மைதானத்தைப் பெரிய லீவில்தான் எங்களுக்குத் திறந்துவிடுவார்கள். ஜூனில் பள்ளி ஆரம்பித்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதனால் எங்கள் ரன்னிங் க்ளப்புக்குக் கத்திரி வெயில்தான் சீசன்.

க்ளப் என்றவுடன் பனியன், கோப்பை, கோச் என்று நினைத்துவிட வேண்டாம். சம்பளம் வாங்குகிறவர் ஒருவரும் கிடையாது. நான் ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன். நாள் முழுக்க ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது பாஸ், இது ரிஜெக்ட் என்று சொல்லும் வேலை. அந்தப் புத்தி மனிதர்களிடமும் தொற்றிக்கொண்டது. யார் லேட், யார் சாக்கு சொல்கிறார், யார் பாதி வழியில் டீக்கடையில் உட்கார்ந்துவிடுகிறார் என்று பார்த்துக் கத்துவதற்கு ஒரு ஆள் வேண்டுமே, அது நான். தண்ணீர் கேன், உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர், வாட்ஸ்அப் குரூப் எல்லாம் என் பொறுப்பு. தர்பூசணி மட்டும் பாயுடையது.

பாய் பழமண்டி வைத்திருக்கிறார். வேகமாக ஓடுவார், அதைவிட வேகமாகப் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு அவருடைய குட்டியானை வண்டியில் ஒரு பெரிய தர்பூசணி வரும். முதல் வருஷம் முன்னால் வந்தவர்கள் வெட்டித் தின்று முடித்து, பின்னால் வந்தவர்களுக்குத் தோலைக் காட்டினார்கள். பாய்க்குப் பொறுக்கவில்லை. "இனிமே கடைசியா வர்றவங்க தான் தர்பூஸ வெட்டணும். அவங்க வர்ற வரிக்கும் எவனும் கத்தியத் தொடக்கூடாது" என்று சட்டம் போட்டார். அன்றிலிருந்து முதலில் வந்தவரும் கேட் பக்கத்தில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றுதான் ஆக வேண்டும்.

அந்தச் சட்டத்தால் இரண்டு கோடைகளாகக் கத்தி பிடித்தவர் ஒருவரே. எங்கள் கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்‌ஷன் அக்கா. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, தரையைப் பார்த்துக்கொண்டே, மாவாட்டுகிற மாதிரி நிதானமாக ஓடி வருவார். ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. ஒரு ஞாயிறுகூடக் கடைசி இடத்தை வேறு யாருக்கும் தந்ததும் இல்லை. அவருக்கு முந்திய ஆள் யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். க்ளப்பை நடத்துகிறவள் வேகமாக ஓட வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கடைசி ஆள் நான் இல்லை என்பதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

இந்தக் கோடையின் முதல் ஞாயிறு, தர்பூசணியை வெட்டிக்கொண்டே அக்கா ஒரு செய்தி சொன்னார். செய்யாறு பக்கம் கம்பெனி திறந்திருக்கும் புது யூனிட்டுக்கு அவரை சூப்பர்வைசராகப் போட்டிருக்கிறார்கள். ஜூன் பிறந்ததும் அங்கேயே வீடு பார்த்துக்கொண்டு போகிறார். நாங்கள் கை தட்டினோம். அக்கா கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"போறதுக்குள்ள ஒரே ஒரு நாளு நான் கடைசியா வரக்கூடாது. ஒருத்தர், யாரானா ஒருத்தர், எனக்குப் பின்னாடி வரணும். வேற ஒண்ணும் வேணாம்பா எனக்கு."

எல்லாரும் சிரித்தபடி என்னைப் பார்த்தார்கள். யாரானா ஒருத்தர் என்றால் வேறு யார்!

பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சிஸ்டர், ஒரு நாளு நீங்க கொஞ்சம் ஸ்லோ பண்ணா இன்னா? கம்மியா ஓடினா உசுரா போய்டும்?"

"நான் ஏன் பாய் ஸ்லோ பண்ணணும்? ஏற்கெனவே ஆமை மாதிரி தான் ஓடறேன். இதுக்கு மேல ஸ்லோ பண்ணா நின்னுதான் போவேன்" என்று எரிந்து விழுந்தேன். ஷூவோ ஓட்டமோ, பாஸ் ஆகாததற்கு பாஸ் முத்திரை குத்த என் கைக்கு வராது.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு வழியை மாற்றினோம். விடிவதற்கு முன்னால் நானும் அக்காவும் ஸ்கூட்டரில் போய், திரும்ப வேண்டிய முக்குகளில் எல்லாம் கோலமாவால் அம்புக்குறி போட்டோம். சுண்ணாம்பைவிட மலிவு, பளிச்சென்று தெரியும் என்று அது என் யோசனை. கோலமாவைத் தெருவில் போட்டால் இந்த ஊரில் என்ன நடக்கும் என்று யோசிக்கவில்லை, பாருங்கள். முக்கு வீட்டு அம்மா வழக்கம்போல எழுந்து, வாசலில் எந்தக் குழந்தையோ கிறுக்கியிருக்கிறது என்று என் அம்பைக் கழுவிவிட்டு, அழகாக ஒரு மயில் கோலம் போட்டுவிட்டார். மயிலின் மூக்கு வலது பக்கம் பார்த்தது. நாங்கள் திரும்ப வேண்டியது இடது பக்கம்.

முன்னால் ஓடியவர்கள் மயில் காட்டிய வழியில் திரும்பினார்கள். பின்னால் வந்தவர்கள் முதுகைப் பார்த்துத் திரும்பினார்கள். அம்பு போட்ட நானும், பேச்சுத் துணைக்காக அன்று மெதுவாக ஓடிவந்த பாயோடு எதற்கோ சண்டை பிடித்துக்கொண்டே திரும்பினேன். நெடுஞ்சாலை வந்து, பள்ளிகொண்டா போகும் பஸ் ஒன்று எங்கள் மூஞ்சியில் புகையை விட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. வழி தெரிந்த அக்கா ஒருவர்தான் மயிலை மதிக்காமல் சரியாகத் திரும்பிப் போயிருந்தார்.

வேர்த்து விறுவிறுத்து நாங்கள் மைதானத்துக்கு வந்தால் அக்கா இல்லை. போன் சுவிட்ச் ஆஃப். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என் பெஞ்சுக்கும் வரவில்லை. நானே டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"இன்னாக்கா, சொல்லாம கொள்ளாம போய்ட்டீங்க?"

"இன்னாத்த சொல்றது? நான் வந்து பாத்தா கேட்டாண்ட ஒரு ஈ காக்கா இல்ல, பாய் வண்டியும் இல்ல. எல்லாரும் துன்னுட்டு கெளம்பிட்டீங்க. கடைசி ஆளு வர்ற வரிக்கும் நிப்போம்னு பேச்சு மட்டும் ஜாஸ்தி."

பழ வண்டி அன்று லேட்டாக வந்ததையும் மயில் கதையையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு தாங்காமல் எனக்குப் புரையேறியது. "அக்கா, நேத்து நீங்கதான் ஃபர்ஸ்ட்! எங்க எல்லாரையும் விட நீங்க ஃபர்ஸ்ட்!"

அக்கா சிரிக்கவில்லை. "அது கணக்குல வராது. யாருமே இல்லாத எடத்துக்கு மொதல்ல வந்து இன்னா பிரயோஜனம்?"

எனக்கு அந்தப் பதில் அன்றைக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிறு பாய் தன் சொந்த ஏற்பாட்டைச் செய்தார். பாலாற்றுப் பாலம் தாண்டியதும் அவரும் அவருடைய இரண்டு தோஸ்த்துகளும் ஓரமாகக் குனிந்து லேஸ் கட்ட ஆரம்பித்தார்கள். அவர்களைத் தாண்டிக் கொஞ்சம் முன்னால் போய்விட்ட நான் திரும்பிப் பார்க்கிறேன், அக்கா அவர்களைத் தாண்டி நாலு அடி வைத்தவர், அப்படியே நின்றார். திரும்பி வந்தார்.

"எந்திரிங்க பாய். லேஸே இல்லாத ஷூவுல இன்னா லேஸ் கட்டறீங்க?"

ஷூ தைக்கிறவர் கண்ணிலா மண்ணைத் தூவுவது! பாய் எழுந்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அக்கா இடுப்பில் கை வைத்து, அவர்கள் மூன்று பேரும் போய் மறையும்வரை நின்று, பிறகு கடைசியாகவே வந்து சேர்ந்தார். அன்று தர்பூசணித் துண்டுகள் கோணலும் மாணலுமாக விழுந்தன. சாயங்காலம் நான் குரூப்பில் எழுதினேன்: இனி யாராவது விட்டுக்கொடுத்தால் குரூப்பிலிருந்து தூக்கிவிடுவேன், பாயாக இருந்தாலும் சரி.

பாய் ஒரு தர்பூசணி படம் போட்டு ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகு அக்காவின் ஓட்டத்தில் ஒரு மாற்றம் வந்தது. குதிகாலைப் பொத்துப் பொத்தென்று போடாதீர்கள், ஷூ வெளிப்பக்கமாகத் தேய்கிறது பாருங்கள் என்று ஒரு நாள் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட மாதிரிதான். ஷிப்ட் முடிந்ததும் ஆற்று மணலில் தனியாக ஓடுகிறார் என்று கேள்விப்பட்டேன். ஞாயிறுதோறும் பின்னால் கேட்கும் காலடிச் சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. நான் வீட்டில் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்வதை நிறுத்தினேன்.

கடைசி ஞாயிறு வந்தது. மறுநாள் பள்ளி திறப்பு, செவ்வாய்க்கிழமை அக்கா புறப்பாடு. விடியும்போதே வானம் மூட்டம். தோல் பதனிடும் ஷாப்புகள் பக்கமிருந்து காற்று திரும்பி, நெடி மூக்கில் ஏறியது. "மழ வரும் சிஸ்டர், ஜல்தி" என்றார் பாய். எல்லாரும் கிளம்பிய வேகத்தில் நான் வழக்கமான இடத்துக்கு வந்துவிட்டேன், எனக்குப் பின்னால் அக்கா மட்டும்.

பாலம் வரை நான் முன்னால். ஆற்றங்கரையில் அந்தக் காலடிச் சத்தம் என் முதுகுக்கே வந்துவிட்டது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். முதல் துளி என் கையில் விழுந்தது, காசு அகலத்துக்கு. புழுதி வாசனை கிளம்பியது. அக்கா என் பக்கத்தில் வந்துவிட்டார்! தோளோடு தோள்! நான் ஒரு அடி முந்தினேன், அவர் ஒரு அடி முந்தினார். எதிரே வந்த பால்காரர் வண்டியை ஓரம் கட்டி நின்று, "இன்னாமா, யாரு தொரத்தறாங்க?" என்று கத்தினார். பதில் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சில்லை.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன். உயிரைக் கொடுத்து ஓடினேன், விலாவில் குத்தல், கண்ணில் வேர்வை, காலில் ஈயம். கோயில் முக்கில் அக்கா ஒரு தரம் "ஹா" என்று மூச்சுவிட்டு என்னைத் தாண்டிப் போனார். அந்த முதுகை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. எட்டிப் பிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. வயிறெரிந்தது. அந்த எரிச்சலுக்குள்ளேயே ஒரு சந்தோஷம் பொங்கி, ஓடிக்கொண்டே பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

மைதானத்து கேட்டிலிருந்து பெரிய கூச்சல் கேட்டது. அக்கா சேர்ந்துவிட்டார் என்று தெரிந்தது. நான் முக்கு திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. எனக்கு வெட்கம். எல்லாரும் நனைந்துகொண்டு நிற்கிறார்கள், என் ஒருத்திக்காக. தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்து ஓடினேன். பத்தடி ஓடிய பிறகுதான் இது யாருடைய ஓட்டம் என்று எனக்குத் தெரிந்தது. சட்டென்று தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

கேட்டுக்கு வெளியே ரோட்டிலேயே வந்து நின்றது கூட்டம். பாய் இரண்டு கையையும் ஆட்டிக் குதிக்கிறார். எல்லாருக்கும் முன்னால் அக்கா, மழையில் சொட்டச் சொட்ட, துப்பட்டாவை அவிழ்த்துத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு, "வா! வா! வந்துட்டா! இன்னும் கொஞ்சம்தான்! வாடி என் தங்கமே!" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். அழுகிறாரா, மழையா, தெரியவில்லை. நான் போய் அவர்மேல் விழுந்தேன். பிடித்துக்கொண்டார்.

அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. என்னைப் பிடித்தபடியே, கேட்டில் நிற்கிறவர்களை ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்.

"நான் வர்றப்போ எல்லாம் நீங்க இப்டித்தான் நின்னீங்களா?"

"பின்ன எப்டி அக்கா நிப்பாங்க?" என்றார் பாய். "கத்தி கத்தித் தொண்ட போய்ட்சி, நீங்க ஒரு நாளாச்சும் நிமிந்து பாத்தீங்களா?"

"தர்பூசுக்குக் கத்தறீங்கன்னு நெனச்சேன். என்னால எல்லாருக்கும் லேட்டாவுதேன்னு கூசிக் கூசி வருவேன்" என்றார் அக்கா. துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "இத்தினி சந்தோசமா நிக்கறீங்கன்னு யாரு கண்டது? தெரிஞ்சிருந்தா ரெண்டு வருசமா இவ்ளோ அவசரப்பட்டே வந்திருக்க மாட்டேன்."

மூச்சு திரும்பியதும் நான்தான் கேட்டேன்: "நீங்க எப்போக்கா அவசரப்பட்டு வந்தீங்க?"

மழையில் நின்றுகொண்டு நாங்கள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அக்கா என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அப்புறம் என் கையை விடவே இல்லை.