ராகு காலத்து அழைப்புகள்

இன்டர்நெட் வழியாகப் பேசும் டெலிபோன் எங்கே மக்கர் செய்தாலும் இன்று என்னைக் கூப்பிடுகிறார்கள். எந்த அழைப்பு யார் மேசைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் புரோகிராம் வரிகளில் கோளாறு இருந்தால் சீக்கிரம் பிடித்துவிடுவேன். காரைக்குடியில் ஒரு மேனேஜர் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டதில் வந்த கெட்டிக்காரத்தனம் அது.

தொண்ணூறுகளின் கடைசி. இன்டர்நெட் டெலிபோன் எல்லாம் எங்கள் ஊருக்கு வரவில்லை. கம்ப்யூட்டருக்குள் ஒரு கார்டைச் செருகி லைனைக் கொடுத்தால், அதுவே போனை எடுத்து உரியவருக்குத் தள்ளிவிடும். நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடை, அதை ஓர் ஆச்சியின் கல்யாண மண்டப ஆபீசில் வைத்தது. ஆச்சி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: ராகு காலத்தில் புது புக்கிங் கூடாது. அந்த ஒன்றரை மணி நேரமும் 'பிறகு கூப்பிடுங்கள்' என்று டேப் ஓட வேண்டும். மற்ற நேரத்தில் புக்கிங் மேசையில் மணி அடிக்கும். அதற்கான வரிகளை நான்தான் எழுதினேன்.

இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பெண் வீட்டார் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே மதியம் ஒன்றரை, இங்கே ராகு காலம் என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. மேசையில் இருந்தவரோ, மணி அடித்தால் நல்ல நேரம்தான் என்று மிஷினை நம்பித் தேதியை எழுதிக்கொண்டார். வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம் என்பது ஊரில் யாருக்குத் தெரியாது? ஊரில் இருந்த பெண்ணின் பெரியப்பா விஷயம் தெரிந்து ஆபீசுக்கே வந்து கத்திவிட்டு, கல்யாணத்தை வேறு மண்டபத்துக்குக் கொண்டுபோனார்.

மண்டப மேனேஜர் என்னை வைத்துக்கொண்டே ஆச்சியிடம் சொன்னார்: "அது வேதக்காரப் பிள்ளை ஆச்சி. நம்ம நேரங்காலமெல்லாம் அதுக்கு என்னத்தத் தெரியும்? தெரிஞ்சேகூடச் செஞ்சிருக்கும்."

சர்ச்சில் பூசை முடிந்து வந்தாலும் காலண்டரில் ராகு காலம் பார்த்துவிட்டுத்தான் பயணப் பெட்டியைத் தூக்குவார் என் அப்பா. எனக்கா தெரியாது? ஆச்சி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே கடையில் என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். வேண்டுமென்றே கெடுத்தவள் என்று பேர் பரவியது. போன இடத்தில் எல்லாம் கதவைச் சாத்தினார்கள். அந்த மேனேஜர் நாசமாய்ப் போகட்டும் என்று நான் மனதாரச் சபித்தேன்.

மூன்று வாரம் கழித்து என் பழைய முதலாளி வீடு தேடி வந்தார். மண்டபத்துக்குக் கூப்பிடுகிறவர்களுக்குக் கண்ட நேரத்தில் டேப் ஓடுகிறதாம், வேறு யாருக்கும் பிடிபடவில்லையாம். வருகிறேன், ஆனால் ஆச்சியும் மேனேஜரும் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்றேன்.

எந்தெந்தக் கிழமை கோளாறு என்று கேட்டேன். புதனும் வியாழனும் மட்டும் ஒழுங்காம். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. ராகு கால நேரப் பட்டியலைத் திறந்தேன். நான் ஞாயிறிலிருந்து கிழமை வரிசையில் எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் நாலரை, ஏழரை, மூன்று என்று நேரம் முன்னே பின்னேதான் வரும். சின்ன வயதில் ராகு காலத்தை நாம் மனப்பாடம் செய்வது நேர வரிசையில், ஏழரை, ஒன்பது, பத்தரை என்று. என் பட்டியல் தாறுமாறாக இருப்பதாக நினைத்து யாரோ நேரத்தை மட்டும் அந்த வரிசையில் அடுக்கியிருந்தார்கள். கிழமைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. புதனும் வியாழனும் தற்செயலாகப் பொருந்திவிட்டன. கடைசியாகத் திருத்திய தேதி, அந்த வெள்ளிக்கு முந்தைய நாள். கம்ப்யூட்டர் இருந்த அறையின் சாவி மேனேஜரிடம் மட்டும்தான் இருந்தது.

பட்டியலைத் தாளில் அடித்து எடுத்து மேனேஜர் கையில் கொடுத்து, ஆச்சிக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன்.

"ஞாயிறு ஏழரை. திங்கள் ஒம்பது..." என்று தொடங்கியவர் தாளை மடிக்கப் பார்த்தார்.

"ஏன் நிறுத்திட்டீக? வாசிங்க," என்றார் ஆச்சி.

ஏழு கிழமையையும் வாசிக்க வைத்தார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது, மறைக்க மாட்டேன். கடைசியில் மேனேஜர், ஒழுங்குபடுத்தத்தான் தொட்டேன் என்று முனகினார். ஆச்சி என்னைப் பார்த்து, "தப்பாப் பேசிட்டோம் ஆத்தா," என்றார். பிறகு, டேப்பு வேண்டாம், ராகு கால அழைப்பெல்லாம் இனி இவர் மேசைக்கே போகட்டும், இவரே பதில் சொல்லட்டும் என்றார். இரண்டு வரிதான் மாற்ற வேண்டியிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் எழுதியதில்லை.

அடுத்த வெள்ளி பதினோரு மணிக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அழைத்தேன். அவர்தான் எடுத்தார்.

"ராகு காலம். பன்னெண்டு மணிக்கு மேல கூப்பிடுங்க."

"கேக்கலை சார். சத்தமாச் சொல்லுங்க."

என் குரல் அவருக்குத் தெரிந்துவிட்டது. மூச்சு விடுவது கேட்டது. எதிரே ஆச்சி உட்கார்ந்திருக்கும் நேரம் அது, போனை வைக்க முடியாது. சத்தமாகச் சொன்னார்.