நகச்சாயம் பூசிய கண்ணாடித் துண்டு

தெருவில் எந்தப் பெண்குழந்தைக்குப் பிறந்தநாள் வந்தாலும் லேப் அக்கா வீட்டிலிருந்து பொம்மை போகாது. காந்தம் போகும், லென்ஸ் போகும். ஒரு தடவை தவளையின் எலும்புக்கூடு படம் போட்ட அட்டை போய், வாங்கிய பிள்ளையின் அம்மா அதைக் கவிழ்த்தே வைத்திருந்தாள்.

"உன்னால இந்தத் தெருவுல ஒரு எறும்பு நிம்மதியா சாக முடியுதா? உடனே காலைப் பிச்சு லென்ஸுக்கு அடியில வெச்சுடுதுங்க," என்பார் அக்காவின் கணவர். பஸ் டிப்போவில் மெக்கானிக். அவர் பேச்சில் கேலி மட்டும்தான் வெளியே தெரியும்.

அக்காவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில், ரத்தம் தடவிப் பார்க்கும் கண்ணாடிச் சில்லுகளைக் கழுவி அடுக்கும் வேலை. அங்கே கழித்துப்போட்ட பழைய மைக்ராஸ்கோப்பைக் கேட்டு வாங்கித்தான் மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்குக் கொடுத்தாள். அது வந்த நாளிலிருந்து வெங்காயத் தோல், அப்பாவின் மீசை முடி, தொட்டித் தண்ணீர் என்று வீட்டில் எதுவும் தப்பவில்லை. பதினோரு வயதில் ஒரு காய்ச்சலில் மகள் போய்விட்டாள்.

அவள் விட்டுப்போனதில் ஒரு சில்லு இருந்தது. தன் கன்னத்தின் உள்பக்கத்தை ஐஸ்கிரீம் குச்சியால் சுரண்டி, பேனா மையைச் சொட்டி, மேலே மெல்லிய கண்ணாடி மூடி, சுற்றிலும் அம்மாவின் சிவப்பு நகச்சாயத்தால் ஒட்டியது. அதை அக்கா தனியாக ஒரு சோப்பு டப்பாவில் வைத்திருந்தாள். தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முறை பார்ப்பாள். நீலத் திட்டுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி. பார்க்கும்போது சில நாள் முதுகுக்குப் பின்னால் மூச்சு விடும் சத்தம் கேட்கும். திரும்பமாட்டாள். திரும்பினால் நின்றுவிடும் என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் வந்து மைக்ராஸ்கோப்பைச் சுற்றி நிற்கும். அறிவு வளரட்டும் என்றுதான் கூப்பிடுகிறாள் என்று தெரு பெருமையாகச் சொல்லும். அதுவும் உண்மைதான். ஆனால் ஏதாவது ஒரு சிறுமி குனிந்து கண்ணை வைக்கும்போது, பின்னாலிருந்து அந்தக் கழுத்தும் இரட்டைப் பின்னலும் மட்டும் தெரியும். அந்த நிமிடத்துக்காகவும்தான்.

கீழ்வீட்டுப் பெண்ணுக்கு 'ஏன்பாப்பா' என்று பெயர். எதைச் சொன்னாலும் ஏன் என்பாள். எல்லாரும் போன பிறகும் போகமாட்டாள்.

"உன்னை உங்கம்மா வாடகைக்கு விட்டிருக்காளா?"

"ஏன் அத்தை, நான் இருந்தா இடம் குறையுதா?"

அந்த ஞாயிறு மொட்டைமாடியில் துணி உலர்த்திவிட்டு அவள் இறங்கி வந்தபோது ஏன்பாப்பா சீக்கிரமே வந்திருந்தாள். பிள்ளை ஈரக் கையோடு சமையலறையிலிருந்து வந்தாள். மேசைமேல் சில்லுகள் எல்லாம் பளிச்சென்று துணிமேல் வரிசையாகச் சாய்ந்திருந்தன.

"எல்லாத்தையும் கழுவிட்டேன் அத்தை. நீங்கதானே சொன்னீங்க, பழசைக் கழுவாம வெச்சா புதுசுல பொய் தெரியும்னு? மெஷின்ல மாட்டியிருந்தது மட்டும் விடவே இல்ல. சிவப்பா பிசின் மாதிரி. நகத்தால சுரண்டிச் சுரண்டி எடுத்தேன்."

காலையில் பார்த்துவிட்டு அதை டப்பாவில் எடுத்து வைக்க அக்கா மறந்திருந்தாள்.

அடுத்த வீட்டுக் குக்கர் கத்தியது. கை தானாக ஓங்கியது, பாதியில் நின்றது. காய்ச்சலின்போது மகளின் ரத்தம் தடவிய சில்லு அவள் வேலை செய்யும் இடத்துக்குத்தான் வந்தது. மறுநாள் குவியலோடு குவியலாக அதையும் கழுவி அடுக்கியது இந்தக் கைதான். எது என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கழுவத்தான் வேண்டும்.

வெறும் சில்லை எடுத்து மாட்டிக் குனிந்தாள். வெள்ளை வெளிச்சம். திருகைத் திருப்பினாள். வெளிச்சம்தான்.

"ஒண்ணும் இல்லாததை ஏன் அத்தை பாக்கறீங்க?"

"அதுல என் பொண்ணோட கன்னம் இருந்துச்சு."

ஏன்பாப்பா மேசையை விட்டு ஒரு அடி தள்ளி நின்றாள். மெதுவாகக் கேட்டாள், "அது உயிரோட இருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப நான் கொல்லலையே?"

"இல்லடி."

பிள்ளையின் உதடு கோணியது. அவள் அந்தக் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்தாள். சுட்டுவிரல் நகத்துக்கடியில் சிவப்பாக ஒரு பொடி. ஓரத்தில் நீலம் ஒட்டியிருந்ததுபோலத் தெரிந்தது, தெரியாததுபோலவும் இருந்தது. ஊசியால் எடுத்தால் வந்துவிடும். சோப்பு டப்பா காலியாகத்தான் இருக்கிறது. அவளுக்குப் பின்னால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது.

"வலிக்குது அத்தை."

விட்டாள். விரலைச் சுற்றி அவள் பிடித்த இடம் வெளுத்திருந்தது.

"போய் கையைக் கழுவு. நகத்துக்குள்ள இருக்கறதெல்லாம் போகணும். சோப்பு போட்டு."

சமையலறையில் குழாய் திறந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.