வெறுங்குண்டு மாலை

ஆர்வில் டாக்கெட்டிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எந்தத் தப்பு செய்தாலும் அவர் மறக்கமாட்டார், செய்தவரையும் மறக்கவிடமாட்டார். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடப் பேருந்துகளுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஓட்டுநர் எந்த வருடம் டீசல் வண்டியில் பெட்ரோல் ஊற்றினார் என்பதை இன்றைக்கும் கிழமையோடு சொல்வார். லிக் கிரீக் துப்பாக்கிச் சங்கத்திலும் அதே நாக்குதான்.

அந்தச் சங்கத்தில் குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளுக்கு மட்டுமே இடம். முதலில் கருமருந்து, பிறகு எண்ணெய்த் துணியில் பொதிந்த ஈயக்குண்டு, கோலால் ஒரு இடி. கடைசியில் பின்பக்கக் குமிழின் மேல் ஒரு கேப்பு, பட்டாணி அளவுத் தாமிரத் தொப்பி. விசையை இழுத்ததும் குதிரை என்கிற சின்னச் சுத்தியல் அதன் தலையில் விழுந்தால்தான் உள்ளே நெருப்பு போகும்.

பேச்சு சுவாரஸ்யத்தில் மருந்தை மறந்து குண்டை மட்டும் இடித்துவிடுகிறவர்கள் உண்டு. கேப்பு டப்பென்று வெடிக்கும், குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்கு வெறுங்குண்டு என்று பெயர். போட்டவரின் கழுத்தில் ஆரஞ்சுப் பழ அளவு மரக்குண்டு கோத்த தோல்வாரைக் கட்டிவிடுவார்கள். அடுத்த ஆள் மாட்டும்வரை ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதோடுதான் வரவேண்டும். சங்கத்தில் அந்த மாலை ஏறாத கழுத்து ஒன்றே ஒன்றுதான். அது ஆர்விலுடையது.

அவருடைய மனைவி நடீன்கூட தொண்ணூற்று நான்கில் ஒன்பது மாதம் அதை அணிந்தாள். பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தவள். பெரிய சட்டிகளைத் தூக்கித் தூக்கி அவள் கை அவ்வளவு உறுதி. கொள்ளைநோய் வந்து கூட்டங்கள் நிற்கும்வரை முப்பத்தெட்டு அக்டோபர் மாதங்கள் ஒன்றுகூட விடாமல் சங்கப் போட்டியில் சுட்டிருக்கிறாள். இரண்டாயிரத்து இருபத்தொன்று ஆகஸ்டில் மருத்துவர் அவளுடைய வலது கை நடுக்கத்துக்குப் பெயர் சொன்னார். பார்க்கின்சன்.

காரில் திரும்பும்போது நடீன் சொன்னாள்: "இந்த அக்டோபர் அஞ்சு குண்டும் போட்டுடறேன் ஆர்வில். அதுக்கப்புறம் துப்பாக்கியச் சுவத்துல மாட்டிடு. நான் அழமாட்டேன்."

அழுதது அவர்தான், கொட்டகைக்குள் போய், டிராக்டருக்கு எண்ணெய் மாற்றுகிற சாக்கில்.

அஞ்சு குண்டுக்கு அஞ்சு கேப்பு வேண்டும். அந்த வருடம் கேப்பு குதிரைக்கொம்பாகிவிட்டது. தொழிற்சாலைகள் கைத்துப்பாக்கித் தோட்டா பக்கம் திரும்பிவிட்டன. கேப்பு இருந்த அலமாரிகளில் மீன்தூண்டில் முள் தொங்கியது. ஆர்வில் மூன்று மாவட்டம் சுற்றினார். ஒரு கடைக்காரப் பெண் சிரித்தே விட்டாள். "போன வருஷம் கேட்டிருந்தீங்கன்னா டப்பா டப்பாவா இருந்துச்சு."

"போன வருஷம் அவ கை நல்லா இருந்துச்சும்மா" என்றார் ஆர்வில். அந்தப் பெண் அலமாரியின் அடித்தட்டை இன்னொரு தடவை துழாவிப் பார்த்தாள்.

சங்கத்து ஆட்களை ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லோரிடமும் ஒரே பதில். கடைசியாக பர்ல் ஹென்ஸ்லியின் வீட்டுக்கு ரொட்டியில் தடவ ஆப்பிளைக் கூழாகக் காய்ச்சிய ஒரு ஜாடி ஆப்பிள் வெண்ணெயோடு போனார். இந்த பர்ல்தான் அப்போது மாலைக்காரர். கொள்ளைநோயில் கூட்டங்கள் நின்றுபோனதால் இரண்டு வருடமாக அது அவரை விட்டுப் போகவில்லை. அந்த இரண்டு வருடத்தில் ஆர்வில் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "சாப்பிடும்போது கழட்டி வெப்பியா, இல்ல அதோடயே சூப்புல முங்குவியா?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை.

"கேப்பு இல்ல" என்றார் பர்ல், கதவைப் பாதி மட்டும் திறந்து.

"நடீனுக்குத்தாண்டா."

"இல்லப்பா." ஆப்பிள் வெண்ணெயை மட்டும் வாங்கிக்கொண்டார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று ஆர்விலுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரும்பும் வழி முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தார்.

கேப்பு கடைசியில் கிடைத்தது ஐலீன் கோல்யரின் வீட்டில். அவளுடைய கணவர் லெஸ்டர் சங்கத்தில் இருந்தவர், அந்தக் கொள்ளைநோயின் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார். அவருடைய தோல்பை கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே தொங்கியது. ஐலீன் அதை எடுத்து ஆர்விலின் மடியில் வைத்தாள்.

"நீயே பாரு. நான் இன்னும் கைய விடல உள்ள."

உள்ளே ஒரு பித்தளைச் சட்டம். அதில் வரிசையாக ஆறு கேப்பு. ஒன்றில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. மீதி ஐந்தும் பளிச்சென்று இருந்தன.

"அடுத்த சனிக்கிழமைக்குன்னு நெரப்பி வெச்சிருக்கான் பாவம்" என்றாள் ஐலீன். "எடுத்துட்டுப் போ. அவன் எண்ணி வெச்சதுல ஒண்ணு மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்."

களிம்பு ஏறியதை ஆர்வில் அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் விரல்களை மூடிக்கொண்டாள்.

வழக்கமாக முதல் குண்டைக் கெட்டிக்கும் முன் ஒரு கேப்பை வெறுமனே வெடித்துக் குமிழின் எண்ணெயை எரிப்பார்கள். அதற்கு இப்போது வழியில்லை. ஆர்வில் மூன்று நாள் குமிழைக் கழற்றிச் சாராயத்தில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் குடைந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். குழந்தைக்குக் காது சுத்தம் செய்கிற மாதிரி இருக்கிறது என்று நடீன் கேலி செய்தாள்.

போட்டியன்று நல்ல வெயில். அவித்த பீன்ஸும் சோள ரொட்டியும் மேசையில் இருந்தன. கை முடியாதவருக்கு வேறொருவர் கெட்டித்துக் கொடுக்கலாம் என்று சங்கத்தில் விதி உண்டு. குறுக்குக் கழிகளின் மேல் துப்பாக்கியைச் சாய்த்தும் சுடலாம். அறுபது கஜத்தில் ஒரு இரும்புச் சேவல் நின்றது.

நான்கு குண்டில் மூன்றுக்குச் சேவல் கணீரென்றது. நான்காவதுக்குப் பிறகு நடீனின் கை மிகவும் ஆடியது. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அதை இடது அக்குளில் அழுத்திக்கொண்டு நின்றாள். கூட்டம் பார்க்கவில்லை. ஆர்வில் பார்த்தார். பார்த்துக்கொண்டேதான் ஐந்தாவதைக் கெட்டித்தார். கடைசிக் கேப்பைக் குமிழில் அமுக்கி, துப்பாக்கியை அவளிடம் கொடுத்தார்.

நடீன் மூச்சைப் பிடித்து விசையை இழுத்தாள்.

டப்.

அவ்வளவுதான். புகை இல்லை, உதை இல்லை. லிக் கிரீக்கில் அந்தச் சத்தம் எதுவென்று தெரியாதவர் கிடையாது. பர்லின் கை தானாகவே கழுத்து வாருக்குப் போய்விட்டது.

நடீன் திரும்பினாள். "நான்தான் கெட்டிச்சேன்" என்றாள். "அவன் மேல தப்பில்ல."

ஆர்வில் கெட்டித்ததைக் கூட்டமே கண்ணால் பார்த்திருந்தது. பர்ல் பாதி அவிழ்த்த வாரை மறுபடியும் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

"நான் இன்னும் கொஞ்ச நாள் போட்டுக்கறேன் நடீன்" என்றார். "எனக்குப் பழகிடுச்சு."

அதைத்தான் ஆர்விலால் தாங்க முடியவில்லை. பதிலுக்குக் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பார்.

"இவளால ஒரு கப்பு காப்பிகூடச் சிந்தாம எடுக்க முடியாது" என்றார். "நான்தான் கெட்டிச்சேன். தொண்ணூத்தி நாலுலயும் நான்தான். அன்னிக்கும் கெட்டிச்சு இவ கையில குடுத்தேன். இவ சுட்டா, டப்புன்னுச்சு, நான்தான் கெட்டிச்சேன்னு இதே மாதிரி சொன்னா. நான் பேசாம நின்னுட்டேன். ஒம்பது மாசம் இவ போட்டுட்டு வந்தா. பக்கத்துல உக்காந்து நானும் சிரிச்சேன்."

"ஏன் நடீன்?" என்று கேட்டார் பர்ல்.

"அதுக்கு முந்தின மாசம் மால உன் கழுத்துல இருந்துச்சு, மாசம் முழுக்க உன்னப் பாத்துச் சிரிச்சுட்டிருந்தான். திருப்பி நீங்கல்லாம் சிரிச்சா தாங்கமாட்டான். அவனுக்கு வாய்தான் பெருசு. நெஞ்சு இத்துனூண்டு."

பர்ல் தொப்பியைக் கழற்றி, உள்பட்டையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தார். திறந்தால் உள்ளே கேப்பு, முப்பதுக்குக் குறையாது.

"இல்லன்னியே!"

"உனக்கு இல்லன்னேன்" என்றார் பர்ல். "உனக்கு இன்னமும் இல்ல. இது நடீனுக்கு. வெறுங்குண்ட வெளிய தள்ள ஒண்ணு, அஞ்சாவதுக்கு ஒண்ணு."

ஆர்வில் குமிழைக் கழற்றி, துளை வழியாகத் துளித்துளியாக மருந்தை உள்ளே தட்டினார். மாட்டிக்கொண்ட குண்டை மண்மேட்டில் சுட்டுத் தள்ளினார். அப்புறம் ஐந்தாவதைக் கெட்டித்தார். மருந்து விழுந்ததா என்று சங்கத்தில் பாதிப் பேர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

இந்தத் தடவை புகை வந்தது, சத்தம் மலையில் முட்டித் திரும்பியது. குண்டு சேவலுக்கு இடது பக்கம் ஒரு முழம் தள்ளிப் போய்ப் புழுதியைக் கிளப்பியது.

"அஞ்சும் போட்டாச்சு" என்றாள் நடீன். முகம் முழுக்கச் சிரிப்பு. சொன்னபடியே அழவில்லை.

பர்ல் மாலையை அவிழ்த்து ஆர்விலை நோக்கி வந்தார். நடீன் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். "நான் கட்டறேன்."

ஆர்வில் தொப்பியை எடுத்துவிட்டுக் குனிந்தார். வாரின் முனைகள் அவள் விரல்களில் நிற்கவில்லை. முதல் முடிச்சு நழுவியது. இரண்டாவதும் நழுவியது. உதவிக்கு வந்த பர்லை அவள் ஒரு பார்வையில் நிறுத்தினாள். சுட வேண்டியவர்கள் துப்பாக்கியைத் தரையில் ஊன்றிக் காத்திருந்தார்கள். ஆர்விலின் பிடரியில் அவளுடைய விரல்கள் நடுங்கி நடுங்கித் தட்டிக்கொண்டே இருந்தன. அவர் முதுகு வலித்தது. அவர் நிமிரவில்லை.

"இறுக்குதா?" என்று கேட்டாள் கடைசியில்.

"இல்ல" என்றார் ஆர்வில். "சரியா இருக்கு."