வயலின் மங்கிய பெட்டி

சூடேறிய வால்வின் மேல் படிந்த தூசி கருகும் வாசனையோடு, ஈயம் பற்றவைக்கும்போது எழுகிற சாம்பிராணி போன்ற புகையும் சேர்ந்துவிட்டால், எனக்கு அதுதான் ஞாயிற்றுக்கிழமை. தாராவியில் எங்கள் ஒற்றை அறையில், அரிசி டின்னுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே, அம்மா தன் கையாலேயே கட்டிய வால்வு ப்ரீ-ஆம்ப்ளிஃபையர் ஒன்று இருந்தது. இசைத்தட்டின் ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஓசையைத் தேற்றி, ஆளாக்கி, ஸ்பீக்கர் பக்கம் அனுப்புவது அதன் வேலை. நாங்கள் அதை "பெட்டி" என்றே சொல்வோம். செம்பூரில் ரேடியோ பாகங்களைப் பூட்டுகிற கம்பெனியில் வேலை பார்த்த அம்மா, உல்லாஸ்நகர் பழைய சாமான் கடைகளில் ஒவ்வொரு உறுப்பாகப் பொறுக்கி, ஒரு பிஸ்கட் தகரத்தின் மேல் அதை எழுப்பியிருந்தாள்.

பெட்டி ஓடும்போது உள்ளே கைவிட நேர்ந்தால், இடது கையை முதுகுப்பக்கம் சேலைச் செருகலுக்குள் திணித்துக்கொள்வாள். "ரெண்டு கையும் உள்ள போச்சுன்னா கரண்டு நெஞ்சு வழியா நடந்து போவும்ட்டி" என்பாள்.

அப்பா அம்பர்நாத்தில் தகரம் வெட்டும் பிரஸ் ஓட்டினார். ஆறு நாளும் சயானில் ரயிலேறிப் போய் அந்தத் "தடால் தடால்" சத்தத்தில் நின்றுவிட்டு, ஏழாம் நாள் கதவைத் திறந்துவைத்து வயலின் இசைத்தட்டைப் போடுவார், சந்தே கேட்கும். எனக்குப் பத்து வயதான மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, பாதித் தட்டில் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏளா, வயலின் மங்கிப்போச்சே. கம்பளிக்குள்ள உக்காந்து வாசிக்க மாதிரி இருக்கு."

அம்மாவுக்கு ரோசம் வந்துவிட்டது. மழை ஈரமாக இருக்கும் என்று வால்வுக் கால்களை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். மரக்கரண்டிக் காம்பால் ஒவ்வொரு வால்வையும் தட்டிக் காது கொடுத்தாள். வால்வுகளை இடம் மாற்றினாள். அடுத்த வாரம் புதிதாக ஒன்று வாங்கினாள். அதற்கடுத்த வாரம் ஊசியையும் மாற்றினாள். எனக்கென்னவோ எல்லா வாரமும் ஒரே மாதிரிதான் கேட்டது. அப்பாவோ ஒவ்வொரு ஞாயிறும் தலையை ஆட்டினார்.

"தங்கம், நல்லாத்தான பாடுது, ஒன் வீட்டுக்காரருக்கு என்ன வித்வான்னு நெனப்பா?" என்று அம்மாவைக் கேட்டாள் மாடி வீட்டுப் பெரியம்மா.

"ஒங்களுக்கெல்லாம் கம்மல் போடத்தான் காது" என்றார் அப்பா.

நான்காவது ஞாயிறு அவரே பெட்டியை அணைத்தார். "சவத்தப் பேரிச்சம்பழத்துக்குப் போடு. இனிமே இந்த வீட்டுல பாட்டும் வேண்டாம், கூத்தும் வேண்டாம்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். வாரம் முழுக்க அந்த ஒரு நாளுக்காகவே ரயிலேறுகிற மனிதர் அவர்.

அம்மா வெகுநேரம் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, குனிந்து, அவர் காதோரம் பிடித்தாள்.

"இங்கேருங்க, இது ஓடுதா கேட்டுப் பாருங்க."

"நின்னுட்டு."

அவரைப் புரளவைத்து மறு காதில் பிடித்தாள்.

"நின்னுட்டுன்னு சொல்லுதேம்லா!"

நான் எட்டிப் பார்த்தேன். வினாடி முள் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. சொல்ல வாயெடுத்த என் வாயை அம்மாவின் உள்ளங்கை பொத்தியது. "ஆமா, நாந்தான் சாவி குடுக்க மறந்துட்டேன்" என்று, ஓடுகிற கடிகாரத்துக்கு நிதானமாகச் சாவி கொடுத்தாள்.

அந்த வாரம் வேலை விட்டு வந்ததும், அப்பாவின் ரயில் வருவதற்குள், பெட்டியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். துவரம்பருப்பளவு கண்டன்சர்களை ஒன்று மாற்றி ஒன்று வைத்து, கீச்சு ஓசைகளை மட்டும் தூக்கித் தூக்கிவிட்டாள். எங்கள் இருவருக்கும் பல் கூசிய இடத்தில் நிறுத்தி, ஈயம் வைத்தாள்.

ஞாயிறு வந்தது. "இன்னிக்கு ஒருக்கக் கேளுங்க" என்று கெஞ்சி உட்காரவைத்தாள். முதல் இழுப்பிலேயே அப்பாவின் விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன.

"ஏளா, வந்துட்டுளா! எது போயிருந்துச்சு?"

"ஒரு கண்டன்சர்."

"நாந்தான் அப்பமே சொன்னேம்லா!"

மாடியிலிருந்து பெரியம்மா கத்தினாள்: "தங்கம், வயலினா, இல்ல எவர்சில்வர் சட்டி வெளக்குதியா?" அம்மா அண்ணாந்து பார்த்து, "பழகிரும்க்கா" என்றாள்.

பழகவில்லை. ஆனாலும் வருடக்கணக்காக அதைக் கேட்டோம், முகம் சுளிக்காமல். அப்பாவுக்குத் தெரிந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஒரே ஒரு முறை, அம்மா நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தபோது, அவராகவே எழுந்துபோய் சத்தத்தைக் குறைத்தார். "ஒனக்குத் தலைவலிக்கும்" என்றார்.

இன்று அந்தச் சந்து இல்லை; அவர்கள் இருவரும் இல்லை. பெட்டி மட்டும் செம்பூரில் என் வீட்டில் இருக்கிறது. போன மாதம் என் மகள் அதைப் பிரித்து, இற்றுப்போன ஒயர்களை மாற்றி, "உம்"மென்ற இரைச்சலைப் போக்கி, தாத்தாவின் இசைத்தட்டை ஓடவிட்டாள். உடனே காதைப் பொத்திக்கொண்டாள்.

"மா, ட்ரெபிள் ரொம்ப ஜாஸ்தி, கீச்சுன்னு குத்துது. யாரோ தப்பான கண்டன்சர் போட்டு வச்சிருக்காங்க. மாத்திடட்டா?"

அடுப்படி வாசலில் நின்று கேட்டேன். சிறுவயதில் பல்லைக் கூசவைத்த அந்தக் கீறலுக்காகக் காத்திருந்தேன். அது என் காதுக்கு வரவேயில்லை. வயலின் கழுவித் துடைத்ததுபோல் வந்துகொண்டிருந்தது.

"வேண்டாம்டி. சரியாத்தான் இருக்கு" என்றேன்.

மகள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பெட்டியை மூடி, திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கத் தொடங்கினாள்.